தேரோடும் வீதி யாருக்கு உரியது?

ஐப்பசித் திங்கள் முடியும் தறுவாயில், பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த்திருவிழா நடைபெறும். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அலுவல் பார்க்கும் பாலக்காட்டுத் தமிழர் பலர், ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த விடுப்பை எடுத்துக்கொண்டு அந்த நாட்களில் ஊர் போய்ச் சேருவர். ஆற்றங்கரையில் விசாலாட்சி சமேத விசுவநாதர் கோயில். தெருவிலிருந்து படியிறங்கிச் சென்று தரிசிக்க வேண்டிய அமைப்பு. கோயிலின் தொடக்கத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டுக்குக் கொண்டு செல்வது வழக்கம். 'காசியில் பாதி கல்பாத்தி' என்பது அவ்வூரார் பெருமையுடன் சொல்லும் முதுமொழி. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்னும் அக்ரஹாரங்களின் வழியே தேர்கள் அசைந்து வந்து ஒன்றுகூடும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை.

அந்தத் தேரோடும் வீதியைப் பற்றித்தான் நாம் இங்கே சிறிது சிந்திக்க விரும்புகிறோம். நூறாண்டுகளுக்கு முன் அவ்வீதியில் ஒரு வினா எழுந்தது. மத சுதந்திரம் என்பது எதுவரை செல்லும்? பிறருடைய சமத்துவத்தை அது தொடும் இடத்தில் நிற்க வேண்டுவது எது, விலக வேண்டுவது எது? சட்ட அறிஞர்கள் இன்றும் நூல்கள் எழுதி விவாதிக்கும் இவ்வினா, புத்தகத்தில் பிறந்ததன்று. மனிதர் கால் வைத்து நடக்கும் தெருவில் பிறந்தது.

அந்நாளில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1956-இல்தான் கேரள மாநிலத்தின் பகுதியாயிற்று. தமிழகத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழ் அந்தணர்கள், பாலக்காட்டைச் சுற்றிலும் அக்ரஹாரங்களை அமைத்து வாழ்ந்தனர். வேற்று மண்ணில் தம் மொழியையும் வழிபாட்டையும் சங்கீதத்தையும் அழியாது காத்தவர்கள் அவர்கள். அது மறுக்கவொண்ணாத சிறப்பு. ஆனால், காத்துவந்த பொருள்களோடு, பிறரை விலக்கும் வழக்கத்தையும் அவர்கள் சேர்த்தே காத்தனர். அக்ரஹாரத் தெருக்களில் ஈழவர் முதலிய சாதியார் நடக்கலாகாது என்பது அவ்வழக்கம்.

1924-ஆம் ஆண்டு, நாடெங்கும் இத்தகைய வழக்கங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கிய ஆண்டு. திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காக மார்ச்சு மாதம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈ. வெ. ராமசாமிப் பெரியார் தமிழகத்திலிருந்து சென்று அதில் பங்குகொண்டு சிறை புகுந்ததை நாம் அறிவோம். அதே ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுத் தெருவிலும், பொதுக் கிணற்றிலும், பொதுக் கட்டடத்திலும் எந்த வகுப்பாரும் தடையின்றிப் புழங்கலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அரசாங்க உத்தரவாகவும் வெளிவந்தது.

அவ்வாண்டு நவம்பரில் கல்பாத்தித் தேர் வந்தது. ஈழவர் சிலர் அந்தத் தெருக்களில் நுழைந்தனர். அவர்கள் கோயிலுக்குள் செல்ல வேண்டுமெனக் கேட்கவில்லை. தேரின் வடத்தைப் பிடிக்கவும் கேட்கவில்லை. தெருவில் நடக்கவே வந்தனர். அவர்களைத் தடுத்தார்கள், அடித்தார்கள். பின்னர் அமைதியைக் காப்பது என்னும் பெயரால் தடையுத்தரவு பிறந்தது. உரிமை இருக்கிறது என்று சட்டசபை சொல்ல, அந்த உரிமையை இப்போது பயன்படுத்தாதே என்று மாஜிஸ்திரேட்டின் உத்தரவு சொல்லியது. மனம் வெறுத்த ஈழவருள் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தனர்; சிலர் கிறித்தவத்தைத் தழுவினர். ஆரிய சமாஜத்தில் சேர்ந்தோர் நடக்க முற்பட்ட போதும் எதிர்ப்பு ஓயவில்லை. ஒரு தெருவில் நடப்பதற்காக மனிதன் தன் மதத்தையே மாற்றிக்கொள்ள நினைத்தான் என்றால், அந்தத் தெரு அவனுக்கு எவ்வளவு நீண்டதாகத் தோன்றியிருக்க வேண்டும்!

அக்ரஹாரத்தார் கூறிய வாதத்தையும் நாம் நேர்மையுடன் எடுத்துரைக்க வேண்டும். 'இவ்வீதி வெறும் வழி அன்று. தெய்வம் எழுந்தருளும் நாளில் வீதியும் கோயிலின் அங்கமே. இதன் தூய்மை கெட்டால் எங்கள் வழிபாடு கெடும். நாங்கள் ஒருவர்மீதும் பகை கொள்ளவில்லை. எங்கள் தர்மத்தைக் காக்கிறோம்' என்பதே அவ்வாதத்தின் கருத்து. அதைச் சொன்னவர்கள் அனைவரும் பொய் சொன்னார்கள் என்று நாம் கருதவில்லை. அவர்களுள் பலர் அதை உண்மையாகவே நம்பினர். நம்பிக்கை உண்மையானதாக இருந்தும், அதன் விளைவு அநீதியாக முடியலாம் என்பதே இவ்வரலாற்றின் கடினமான பாடம்.

இங்கே ஒரு முரண் உண்டு. சமய ஊர்வலங்கள் பொதுத் தெருவில் செல்லலாமா என்பது பற்றி அந்நாளைய நீதிமன்றங்களில் வழக்குகள் பல. ஒரு சாரார் சுவாமி வர, மற்றொரு சாரார் மறிப்பது அன்றாட நிகழ்ச்சி. 1925-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற ஒரு முகரம் ஊர்வல வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் தெளிவாகக் கூறியது: பொதுத் தெருவில் சமய ஊர்வலம் செல்ல உரிமை உண்டு, ஆனால் அது பிற மக்கள் தெருவைப் பயன்படுத்தும் உரிமைக்கும், அதிகாரிகளின் ஒழுங்குக்கும் இணங்கியது. தெரு எல்லாருக்கும் பொது என்பதனால்தான் சுவாமியும் அதில் வரலாம். அப்படியாயின், சுவாமிக்கு வழிவிட்ட அதே காரணம் ஈழவருக்கும் வழிவிட வேண்டாமா? தேரை ஓட்டும்போது தெரு பொது. மனிதன் நடக்கும்போது தெரு தனியார் உடைமை என்று சொல்ல முடியுமா?

கல்பாத்தி முழுவதும் ஒரே குரலில் பேசியதாகவும் எண்ணிவிடலாகாது. அவ்வக்ரஹாரத்திலே பிறந்த வழக்கறிஞர் டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர், தொழிலைத் துறந்து தேசத் தொண்டில் இறங்கியவர். பல சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதை அவர் முன்னின்று நடத்தினார். 1923-இல் பாலக்காட்டை ஒட்டிய அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவி, தீண்டாதார் எனப்பட்ட குழந்தைகளைப் பிற குழந்தைகளோடு ஒன்றாகத் தங்கவைத்துப் படிப்பித்தார். காந்தியடிகள் ஒருமுறைக்கு மேல் அங்கு வந்திருக்கிறார். இத்தொண்டுக்குச் சொந்தச் சமூகம் கொடுத்த பரிசு, சாதி விலக்கு. மதத்தின் பேரால் வெளியே நிறுத்தப்படுவோர் பிற சாதியார் மட்டுமல்லர். உள்ளே இருந்து மாறுபட்டுச் சிந்திப்பவரும் வெளியே தள்ளப்படுவர். இதனைப் பின்னர் மீண்டும் நினைவு கூர்வோம்.

அன்றைய சட்டம் பெரும்பாலும் வழக்கத்தின் பக்கமே நின்றது. 1897-இல் ராமநாதபுரத்துக் கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தனர். வழக்கு பல படிகளைக் கடந்து பிரிவி கவுன்சில் சென்றது. 1908-இல் வந்த முடிவு, வழக்கம் இல்லையாதலால் அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்பதே. வழக்கம் என்பது அநீதியாய் இருக்கலாமே என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் இடமில்லை. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். 1938-இல் ராஜாஜியின் அமைச்சரவைக் காலத்தில் மலபாருக்கென ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது. பூட்டு ஒவ்வொன்றாகத் திறந்தது.

அதன்பின் வந்தது நம் அரசியல் சட்டம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், சட்ட வாசகங்களில் சிறு சொற்கள் பெரும் பாரத்தைச் சுமப்பதை நாள்தோறும் காண்கிறோம். அதற்கு இருபத்தைந்தாம், இருபத்தாறாம் பிரிவுகளைவிடச் சிறந்த சான்று இல்லை. இருபத்தைந்தாம் பிரிவு ஒவ்வொருவருக்கும் மனச்சான்றின் சுதந்திரத்தையும், மதத்தை ஏற்று ஒழுகும் உரிமையையும் தருகிறது. ஆனால் அதன் வாயிலிலேயே ஒரு நிபந்தனை நிற்கிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றிற்கும், அடிப்படை உரிமைகள் பற்றிய மற்ற விதிகளுக்கும் அது உட்பட்டது. இந்துக்களின் பொதுவான சமய நிலையங்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் இயற்றலாம் என்பதையும் அப்பிரிவே கூறுகிறது. இருபத்தாறாம் பிரிவு சமயக் கிளைகளுக்குத் தம் மத விவகாரங்களைத் தாமே நடத்தும் உரிமையைத் தருகிறது. அங்கும் அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் என்னும் மூன்று காவல்கள் உண்டு. ஆனால் 'மற்ற விதிகளுக்கு உட்பட்டு' என்னும் சொற்கள் இல்லை. அந்தச் சில சொற்களின் இன்மை எழுபது ஆண்டுகளாக நீதிமன்றங்களை அலைக்கழித்து வருகிறது.

சட்டம் இயற்றியோர் இந்த அபாயத்தை அறியாதவர் அல்லர். மதத்தை 'ஒழுகும்' உரிமை என்று பொதுப்பட எழுதினால், சமூகச் சீர்திருத்தங்களுக்கெல்லாம் அது தடையாகும் என ராஜகுமாரி அமிர்த கௌர் 1947-இலேயே அஞ்சினார். நம் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரும் அந்த அச்சத்தை ஏற்றார். இருபத்தைந்தாம் பிரிவின் நிபந்தனைகளில் அவ்வச்சத்தின் பயனைக் காணலாம். மேலும், பதினைந்தாம் பிரிவு கடைகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றில் சாதி முதலிய காரணங்களால் எவரையும் தடுக்கலாகாது என்றது. பதினேழாம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆக, கல்பாத்தி வீதி பற்றிய வினாவுக்குச் சட்டம் ஐயமற விடை கூறிவிட்டது. ஆனால் வீதியிலிருந்து வினா கோயில் வாயிலுக்கு நகர்ந்தது.

தென் கன்னடத்து மூல்கி வேங்கடரமணர் கோயில் வழக்கு 1958-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது. கவுட சாரஸ்வத பிராமணர், இது எங்கள் கிளைக்குரிய கோயில், யாரை அனுமதிப்பது என்பது எங்கள் மத விவகாரம் என்றனர். உச்ச நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பு எழுதியவர் டி. எல். வேங்கடராம ஐயர், முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் ஆழ்ந்த புலமையுடையவர், சங்கீத கலாநிதி. தாளம் தவறாத தீர்ப்பு அது. ஆகமப்படி யார் நுழையலாம் என்பது மத விவகாரமே என்று அவர் ஒப்பினார். ஆயினும், கோயில்களைத் திறந்துவிடும் விதி அதனினும் மேலானது என்றார். சில சிறப்புச் சடங்குகளை மட்டும் அக்கிளையார் தமக்கென வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார். இரு உரிமைகளுள் ஒன்றைக் கொன்று மற்றொன்றை வாழவைக்காமல், இரண்டிற்கும் இடம் கண்ட முறை இது.

இதற்குச் சற்றுமுன், 1954-இல், சீரூர் மடத்து வழக்கில் மற்றொரு கொள்கை தோன்றியிருந்தது. ஒரு மதத்திற்கு இன்றியமையாதது எது என்பதை அம்மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்பது அது. நோக்கம் நன்று. ஆனால் காலப்போக்கில், எது இன்றியமையாதது, எது பிற்காலச் சேர்க்கை என்று நீதிபதிகளே சாஸ்திரம் பார்த்துச் சொல்லும் நிலை வந்தது. வழக்கறிஞர் ஆகமம் ஓத, நீதிபதி பாஷ்யம் செய்யும் இந்த விந்தையை, இந்தியச் சட்டத்தை ஆராய்ந்த மார்க் கலாந்தர் போன்ற அறிஞர்கள் வெகு முன்னரே சுட்டிக்காட்டினர்.

1962-இல் வந்த போரா சமூகத்துத் தீர்ப்பு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. சமூக விலக்கைத் தடைசெய்த பம்பாய்ச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால் தள்ளுபடி செய்தது. விலக்கி வைப்பது சமயத் தலைவரின் மத உரிமை என்றது. தலைமை நீதிபதி பி. பி. சின்ஹா மட்டும் மாறுபட்டார். சமூக விலக்குக்கு ஆளானவன் தன் சொந்த ஊரில் தீண்டத்தகாதவனைப் போல் ஆகிறான் என்பது அவருடைய கவலை. அகத்தேத்தறை ஆசிரமத்துக் கிருஷ்ணசுவாமி ஐயர் அப்போது உயிரோடு இருந்திருந்தால், அந்த மாறுபட்ட தீர்ப்பின் பொருளை எவரும் அவருக்கு விளக்க வேண்டியிருந்திராது.

இனிப் பாலக்காட்டிலிருந்து தெற்கே, இடுக்கியின் மலைகளுக்குச் செல்வோம். கார்த்திகை பிறந்தால், கம்பம், குமுளி வழியாகத் தமிழகத்து ஐயப்பன்மார் சாரி சாரியாக மலையேறுவர். வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்மேடு என்று இடுக்கி ஜில்லாவின் காட்டுவழியே நடந்து, பத்தனந்திட்டையிலுள்ள சபரிமலையை அடைவோர் பலர். அங்கே சாதி இல்லை, மத வேற்றுமை இல்லை. மாலை அணிந்தோர் அனைவரும் சுவாமி. இவ்வளவு விரிந்த வாயிலில் ஒரு வரம்பு இருந்தது. பத்து முதல் ஐம்பது வயதுவரை உள்ள பெண்கள் செல்லலாகாது. 1991-இல் கேரள உயர்நீதிமன்றம் அவ்வரம்பை ஏற்றது. 2018 செப்டம்பர் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நால்வர்க்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால், அது செல்லாது என்றது.

பெண்ணை உடலின் இயற்கையைக் காட்டி விலக்குவதும் ஒருவகைத் தீண்டாமையே என்றார் நீதிபதி சந்திரசூட். மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர், அமர்வில் இருந்த ஒரே பெண்மணியான இந்து மல்ஹோத்ரா. ஆழ்ந்த நம்பிக்கை சார்ந்த வழக்கத்தைப் பகுத்தறிவு என்னும் அளவுகோல் கொண்டு நீதிமன்றம் அளக்கலாகாது. உடன்கட்டை போன்ற கொடுமை இருந்தாலன்றித் தலையிடலாகாது என்றார் அவர். தீர்ப்புக்குப்பின் கேரளத்தில் எழுந்த கொந்தளிப்பு யாவரும் அறிந்தது. எதிர்த்துத் தெருவில் இறங்கியோரில் பெண்களும் பெருந்திரளாக இருந்தனர். 2019 நவம்பரில், மசூதியில் பெண்கள் நுழைதல், வேற்று மதத்தாரை மணந்த பார்சிப் பெண்களின் கோயில் உரிமை முதலியவற்றையும் சேர்த்து, அடிப்படைக் கேள்விகள் பேரமர்வுக்கு அனுப்பப்பட்டன; ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அமைந்தது.

அண்மைக்கால அறிஞர்களுள் கௌதம் பாட்டியா, 2019-இல் வெளிவந்த தம் நூலில் வேறொரு வழி காட்டுகிறார். இன்றியமையாத வழக்கமா, அல்லவா என்று சாஸ்திரம் பார்ப்பதை விடுங்கள். அவ்வழக்கம் ஒருவரைக் கண்ணியத்திலிருந்தும் சமூகத்தின் பொதுப் பயன்களிலிருந்தும் விலக்குகிறதா என்று மட்டும் பாருங்கள் என்பது அவர் கூற்றின் சாரம். இது அரசின் கையில் மிகுந்த அதிகாரத்தைத் தந்துவிடும். சிறுபான்மையோரின் வழிபாடும் அதில் நசுங்கலாம் என்ற மறுப்பும் புறக்கணிக்கத் தக்கதன்று.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கொலராடோவில், இரு ஆண்களின் திருமணத்துக்குக் கேக் செய்யத் தன் மதம் இடந்தராது என்றார் ஒரு ரொட்டிக்கடைக்காரர். 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மாநில ஆணையம் அவருடைய மதத்தைப் பகையுணர்வோடு நோக்கியது என்ற குறுகிய காரணத்தால் அவருக்குச் சாதகமாக முடிவு கூறியது. அதே ஆண்டில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் இதை ஒத்த வழக்கொன்றில், ஒரு வாசகத்தைக் கேக்கில் எழுத மறுப்பது வேறு, ஒரு மனிதருக்கு விற்க மறுப்பது வேறு என்று பிரித்துக் காட்டியது.

அந்தப் பிரிவினை நமக்குப் பயன்படும். கல்பாத்தியில் மறுக்கப்பட்டது ஒரு கருத்தன்று, ஒரு மனிதன். அம்மறுப்பு இன்னும் மறைந்துவிடவில்லை. பாலக்காட்டின் கிழக்கெல்லையில், முதலமடைப் பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் மக்கள், தேநீர்க் கடையில் தமக்குத் தனிக் குவளை வைக்கப்படுவதாக 2017-இல் முறையிட்டனர். இடுக்கியின் எல்லையில், மூணாறுக்கு அப்பாலுள்ள தமிழ் பேசும் ஊரான வட்டவடையில், அவ்வகுப்பாருக்கு முடிவெட்ட மறுக்கப்பட்டது. 2020-இல் பஞ்சாயத்தே தலையிட்டு, எல்லாருக்கும் பொதுவான முடிதிருத்தும் நிலையம் திறக்க வேண்டியதாயிற்று. இங்கெல்லாம் ஆகமம் இல்லை, தேர் இல்லை, இன்றியமையாத சடங்கு எதுவும் இல்லை. இருப்பது வழக்கம் ஒன்றே. மதத்தின் போர்வையை நீக்கிவிட்டாலும் உள்ளிருக்கும் வழக்கம் தானே எழுந்து நடமாடும் என்பதை இவை நமக்குக் காட்டுகின்றன. விலக்கியவரும் தமிழர், விலக்கப்பட்டவரும் தமிழர்.

வீதி, வாயில், கருவறை என மூன்று எல்லைகளை நாம் கடந்து வந்தோம். கருவறையை நெருங்க நெருங்க, நம்பிக்கை கொண்டோரின் குரலுக்குக் கூடுதலாகச் செவிசாய்ப்பது முறை. வீதியை நெருங்க நெருங்க, எல்லாருக்கும் பொதுவான உரிமையின் குரலே ஓங்க வேண்டும். இடையில் எங்கே கோடு கிழிப்பது என்பதில் அறிஞர் மாறுபடலாம், நீதிபதிகள் மாறுபடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என் வழிபாட்டின் பொருட்டு யார் வெளியே நிற்கிறார்?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கவும், சுவாமி புறப்பாடு நடத்தவும், நாம் வாழும் நகரத்துப் போலீசுக்கு விண்ணப்பம் செய்கிறோம். எழுதித் தரச் சொல்லி நண்பர்கள் நம்மிடம் வருவதுண்டு. 'இது பொதுத் தெரு. எங்கள் தெய்வமும் இதில் வர இடந்தர வேண்டுகிறோம்' என்றுதான் அவ்விண்ணப்பத்தில் எழுதுகிறோம். அந்நிய மொழி பேசும் அண்டை வீட்டார் வழிவிட்டு நிற்கும்போது மனம் நெகிழ்கிறோம். 1924-இல் கல்பாத்தித் தெருமுனையில் நின்ற ஈழவர் கேட்டதும் அதே வாசகம்தான். தெய்வத்துக்காக அன்றி, தம் கால்களுக்காகக் கேட்டனர்.

இன்று கல்பாத்தித் தேரைக் காண எல்லா வகுப்பாரும் வருகின்றனர். யாரும் யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. தேர் நிற்கவில்லை, தெய்வம் கோபிக்கவில்லை, விழாவின் பெருமை குன்றவில்லை. அடுத்த ஐப்பசியில் ஊருக்குப் போகும் அன்பர்கள், தேர் நிலைக்கு வரும்வரை காத்திருக்கும் அந்தச் சிறு பொழுதில், தம் காலடியிலுள்ள மண்ணையும் ஒருமுறை நோக்குவாராக.